பீடத்தில் இருந்த பெயர்

நைல் நதிக்கரையில், மெம்பிஸ் நகரத்துக்கு அப்பால், ஒசைரிஸ் சாமிக்கு ஒரு கோயில் இருந்தது. மாண்டவர்களுக்கும் மறுபடி முளைப்பவற்றுக்கும் அவர்தான் அரசன் என்று அந்த நாட்டு மக்கள் நம்பினார்கள்.

கோயிலின் குருவுக்கு ஜெதோர் என்று பெயர். அவருடைய சீடர் பாமி, குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். அதனால் சீடர் குருவைச் "சாமி" என்பார். குரு சீடரைப் "பெரியவரே" என்பார். இரண்டு பேருக்கும் அதில் கூச்சமில்லை.

பாமி முன்பு படகோட்டி. அவருடைய ஒரே மகன் ஹோரி அரசனின் படையோடு தெற்கே போனான். போனவன் போனவன்தான். ஒரு சேதியும் இல்லை. பாமி தன் படகைக் கொடுத்துவிட்டு, ஒரு சாண் உயரத்தில் வெண்கல ஒசைரிஸ் ஒன்றை வார்க்கச் சொன்னார். பீடத்தில் ஒரு வரி வெட்டச் சொன்னார்: "ஒசைரிஸ், பாமியின் மகன் ஹோரிக்கு உயிர் கொடு."

பெயர் சாமியின் கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை ஆளுக்கு ஒன்றும் ஆகாது என்று பாமி நம்பினார். சிலையைக் கோயிலில் வைத்தவர் வீடு திரும்பவில்லை. படகும் இல்லை, வீட்டில் ஆளும் இல்லை, எதற்குத் திரும்ப வேண்டும்? தலையை மழித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். பதினோரு வருஷம் ஆயிற்று.

வாசலில் நின்று காணிக்கைச் சிலைகளை வாங்கி வைப்பது அவர் வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் ஏழைகள். விரல் நீளச் சிலை வாங்கவே அவர்களுக்கு மூச்சு முட்டிவிடும். எழுத்து வெட்ட எங்கே போவது? பீடம் மொட்டையாக இருக்கும். அவர்களிடம் பாமி, பெயரைச் சாமியின் காதில் சொன்னால் போதும் என்பார். கேட்டவர்கள் முகம் தெளிந்து வீட்டுக்குப் போவார்கள்.

இன்னொரு வேலையும் அவருக்கு இருந்தது. அது யாரும் கொடுக்காத வேலை. தினமும் காலையில் ஆற்று மணலும் சாம்பலும் எடுத்துத் தன் சிலையின் பீடத்தைப் பளபளவென்று தேய்ப்பார். சாமி படிக்கும்போது அழுக்கு மறைக்கக்கூடாது அல்லவா? தேய்த்து முடித்ததும், அந்தப் பக்கமாக வரும் குருவிடம் நீட்டுவார். பாமிக்கு எழுத்து தெரியாது. குரு வாங்கி, அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டுவார். அதைக் கேட்ட பிறகுதான் பாமிக்குத் தொண்டையில் ரொட்டி இறங்கும்.

அந்த வருஷம் காணிக்கைச் சிலைகளால் மண்டபம் நிரம்பிவிட்டது. கால் வைக்க இடமில்லை. சாமிக்குக் கொடுத்ததை உருக்கவும் கூடாது, வெளியே கொண்டுபோகவும் கூடாது. அதனால் இடம் நிறைந்தால் மதிலுக்குள்ளேயே குழி வெட்டி, சிலைகளைத் துணியில் சுற்றி, சுத்தமான மணலில் படுக்க வைத்து மூடுவது வழக்கம். பழையவை முதலில் போகும். பாமியின் சிலையும் பழையதுதான்.

குரு அதைச் சொன்னபோது பாமி மறுக்கவில்லை. வழக்கம் என்றால் வழக்கம்தான். ஆனால் மண்ணுக்குள் இருட்டாக இருக்குமே, சாமி எப்படிப் படிக்கும் என்ற கவலை மட்டும் அவரை அரித்தது. வாசலுக்கு உள்பக்கம் உட்கார்ந்திருக்கும் எழுத்து வெட்டுகிறவரிடம் சிலையை எடுத்துப் போனார். இருட்டில் தடவிப் பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுத்தை ஆழமாக வெட்டித் தரச் சொன்னார்.

எழுத்து வெட்டுகிறவர் சிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலால் தடவினார்.

"எந்த எழுத்தை?" என்று கேட்டார்.

பாமிக்குப் புரியவில்லை. எழுத்து வெட்டுகிறவர் பாமியின் விரலைப் பிடித்து, வேறொரு சிலையின் பீடத்தில் வைத்தார். சொரசொரத்தது. பிறகு பாமியின் சிலையில் வைத்தார். கூழாங்கல் போல வழுக்கியது. யாரோ தேய்த்தே தீர்த்துவிட்டார்கள், இது இன்று நேற்று நடந்ததில்லை, வருஷக்கணக்காக ஆகியிருக்கும் என்றார். பெயரைச் சொன்னால் புதிதாக வெட்டித் தருவதாகவும் சொன்னார். பாமி அதற்கெல்லாம் நிற்கவில்லை.

குரு குழிக்குள் நின்று, சிலைகளை ஒவ்வொன்றாக மணலில் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். பாமி குழியின் ஓரத்தில் வந்து நின்றார். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது.

"எழுத்து எப்ப அழிஞ்சுது சாமி?"

குரு நிமிர்ந்தார். "நாலாவது வருஷம்."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"தேய்க்காதீங்கன்னு ரெண்டு தடவை சொன்னேன். அன்னைக்கெல்லாம் நீங்க சாப்பிடல."

"அப்ப தினமும் எதைப் படிச்சீங்க?"

குரு கையிலிருந்த சிலையைக் கீழே வைத்தார்.

பாமி அழுதார். ஏழு வருஷம் தன் பிள்ளை பெயரில்லாமல் கிடந்திருக்கிறான், அதையும் தன் கையாலேயே அழித்திருக்கிறோம் என்று சொல்லி அழுதார். இன்றைக்குப் புதிதாக வெட்டிவிடலாம், போன ஏழு வருஷத்துக்கு யார் வெட்டுவது என்று கேட்டார். பெற்ற மனம் பித்து என்பார்கள். அதற்கு மருந்து குருவிடமும் இல்லை. அழுது முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"பெரியவரே, எழுத்து இல்லாம வர்றவங்ககிட்ட வாசல்ல என்ன சொல்வீங்க?"

"காதுல சொன்னா போதும்னு."

"போதுமா?"

பாமி தன் கையிலிருந்த சிலையைப் பார்த்தார்.

குரு குழியைக் காட்டினார். "இதுல பாதிக்கு எழுத்து இல்ல. எல்லாம் நீங்க வாங்கி வச்சதுதான்."

வாசலில் ஆளைக் காணோம் என்று அந்த நேரம் பார்த்து ஒரு மீன்காரி உள்ளே வந்தாள். உடுப்பின் ஓரம் ஈரமாக இருந்தது. கையில் இலையில் பொதிந்த ஒசைரிஸ், விரல் நீளம்தான் இருக்கும். வீட்டுக்காரருக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை என்றாள். சிலை வாங்கியதோடு கை காலி, எழுத்து வெட்டவில்லை, பரவாயில்லையா என்று கேட்டாள்.

பதினோரு வருஷமாக நாக்கு நுனியில் இருந்த பதில் பாமிக்கு வரவில்லை. குருவைப் பார்த்தார்.

"வாசல் உங்களோடது" என்றார் குரு.

மீன்காரி இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்குப் பயம் வந்துவிட்டது. சிலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் பாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அவர் பேரு என்னம்மா?"

"செனு."

"அதைச் சாமி காதுல சொல்லு."

"கேக்குமா?"

இதற்கும் பாமியிடம் ஒரு பதில் இருந்தது. கேட்கும் என்று பளிச்சென்று சொல்லி அனுப்பிவிடுவார். அன்று அது அவ்வளவு சுலபமாக இல்லை.

"நானும் சொல்லணும்மா. உக்காரு, சேர்ந்து சொல்லுவோம்."

இருவரும் குழியின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். அவள் தன் சிலையின் காதருகே வாயைக் கொண்டுபோனாள். பாமி தன் சிலையில் காது எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பதினோரு வருஷமும் பீடத்தையே தேய்த்தவர், சாமியின் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. காதைக் கண்டுபிடித்துச் சொன்னார். பெயரோடு நிறுத்தவில்லை. ஏழு வருஷத்துக்கும் சேர்த்துச் சொன்னார். மீன்காரி சொல்லி முடித்து வெகுநேரம் காத்திருந்தாள்.

பிறகு பாமி சிலையைக் குருவிடம் நீட்டினார். குரு வாங்கினார். துணி சுற்றுவதற்கு முன்னால் அதைத் திருப்பி, தினமும் காலையில் செய்வது போலப் பீடத்தைப் பார்த்துப் படித்தார்.

"ஒசைரிஸ், பாமியின் மகன் ஹோரிக்கு உயிர் கொடு."

துணியைச் சுற்றி, மற்றவற்றோடு படுக்க வைத்து, இரண்டு கையாலும் மணலை அள்ளி மூடினார்.

மீன்காரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழுவழுவென்ற பீடம் அவள் கண்ணிலும் பட்டிருந்தது.

"அதுலயும் ஒண்ணும் எழுதலையே சாமி" என்றாள். "அப்ப என்னுதையும் படிப்பீங்களா?"

குரு தன் உள்ளங்கைகளை விரித்துக் காட்டினார்.

"என் கையெல்லாம் மண்ணும்மா. உன்னுதைப் பெரியவர் படிப்பாரு."