பேட்மிண்டன் எந்தப் பக்கம்?

பிலோமினா தன் குத்துச்சண்டை மாஸ்டரிடம் வருஷக்கணக்காகக் கேட்டது ஒரே கேள்விதான். வார்த்தை மட்டும் அவ்வப்போது மாறும்.

"நம்ம ஆட்டத்தைப் பார்க்க ஜனங்க ஏன் மாஸ்டர் வரமாட்டேங்கறாங்க?"

எத்திராஜ் மாஸ்டர் இதற்குப் பதில் சொன்னதே கிடையாது. "கையைக் கீழ விடாதே" என்பார். மறுபடி கேட்டால், "தோளை இறக்கு." இதையெல்லாம் பதிலென்று எடுத்துக்கொள்ள அவளால் முடியவில்லை. யாரால்தான் முடியும்?

அவள் வடசென்னைக்காரி. பாரிமுனையில் ஒரு பார்சல் ஆபீசில் வேலை. சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து குத்துச்சண்டை பார்த்தவள். மதில் மேல் ஆள், லாரி மேல் ஆள், வேப்பமரத்துக் கிளையெல்லாம் ஆள். கத்திக் கத்தி அப்பாவுக்கு மறுநாள் குரலே வராது, சைகையில்தான் சோறு கேட்பார். ஒருநாள் இவர்களெல்லாம் நம் பெயரைச் சொல்லிக் கத்தவேண்டும் என்று அந்தத் தோளில் உட்கார்ந்தே முடிவு செய்துவிட்டாள்.

அவள் வளர்ந்து கையுறை மாட்டியபோது கூட்டம் போய்விட்டிருந்தது. கிரிக்கெட்டுக்குப் போனது, டிவிக்குப் போனது, இப்போது ஆளாளுக்குக் கையில் இருக்கும் போனுக்குள் போய்விட்டது. அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

மிச்சம் இருந்தது கெட்ட பேர்தான். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "பாக்ஸிங்கா? அது ரௌடிப் பசங்க சமாச்சாரமாச்சேம்மா" என்று கதவைப் பாதி சாத்துவார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் அவள் நசுங்கிய மூக்கையே பார்த்துவிட்டுப் போனார்கள். ஆபீஸ் மேனேஜர் நல்ல மனுஷன். "எப்படிம்மா போகுது கராத்தே?" என்று அக்கறையாக விசாரிப்பார். முதலில் திருத்திப் பார்த்தாள். அப்புறம் அலுத்துப்போய், "நல்லா போகுது சார்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

நாற்பது தாண்டினால் போட்டியில் இறங்க விடமாட்டார்கள். அவளுக்கு நாற்பது ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மாநில இறுதிச் சுற்றுதான் கடைசி. ஜெயித்தாலும் கடைசி, தோற்றாலும் கடைசி.

அதே ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் வரச் சொல்லி ஒரு டிவிக்காரர் போன் செய்தார். சீரியல் நடிகை ஒருத்தியோடு நிஜ பாக்ஸர் ஒருத்தி மோதுகிற நிகழ்ச்சி. டிக்கெட்டெல்லாம் இப்போதே தீர்ந்துவிட்டதாம், நிற்க இடம் இல்லையாம்.

"உங்க பேரைச் சொல்லி ஒரு பாட்டே போடறோம் மேடம். மூணாவது ரவுண்டுல விழுந்தீங்கன்னா போதும்."

அவள் மாஸ்டரிடம் வந்தாள்.

"போகட்டுமா?"

"போ."

"கோவமா மாஸ்டர்?"

"கோவம் என்னா இருக்கு? கூட்டம் வேணும்னே. அங்க இருக்கு."

"விழணுமாமே."

"விழறது சுலபம். தனியா நான் வேற கத்துக் குடுக்கணுமா?"

அன்று ராத்திரி அவள் தூங்கவில்லை. போகவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை இறுதிச் சுற்றுக்கு வந்து நின்றாள். ஆனால் சந்தோஷமாக வந்தாள் என்று சொல்லிவிட முடியாது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

உள் விளையாட்டு அரங்கம் பெரிசு. நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகக் கிடந்தன. நடுவர்கள் இருந்தார்கள், ஆம்புலன்ஸ் டிரைவர் இருந்தார், டீ கொண்டுவந்த கேன்டீன்காரர் கேனைக் கீழே வைத்துவிட்டு இருந்தார். மற்றவர்களெல்லாம் ஆடி முடித்த பெண்களும் அவர்களைக் கூட்டிப்போக வந்தவர்களும்தான். பக்கத்து அரங்கில் பேட்மிண்டன். அங்கிருந்து அடிக்கடி ஹோவென்று சத்தம் வந்தது.

எதிர் மூலையில் இசக்கியம்மாள் நின்றாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். பிலோமினாவில் பாதி வயதுதான் இருக்கும். கண்ணில் பயமில்லை.

மணி அடித்தது.

முதல் ரவுண்டில் பிலோமினா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். பாதியில் அரங்கத்தின் பெரிய கதவு திறந்தது. ஒரு குடும்பமே உள்ளே வந்தது. அப்பா, அம்மா, பிள்ளைகள், பின்னால் இன்னும் இரண்டு பேர்.

பிலோமினா பார்த்துவிட்டாள். ஜனங்க! சும்மா ஒரு நொடி தலையைத் திருப்பினாள்.

இசக்கியின் வலது கை நேராக மூக்கில் இறங்கியது.

தரை ஆடி நின்றது. நடுவர் முகத்துக்கு முன் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். அந்த எண்ணிக்கைக்கு நடுவே கதவுப் பக்கத்திலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"ஏங்க, பேட்மிண்டன் எந்தப் பக்கம்?"

கேன்டீன்காரர் கை காட்டினார். குடும்பம் திரும்பியது. அந்த அம்மாள் மட்டும் ஒரு நிமிஷம் நின்று, "அடப்பாவமே, பொம்பளைங்க இப்படியா அடிச்சிப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ரவுண்டு முடிந்தது. பிலோமினா மூலையில் வந்து ஸ்டூலில் விழுந்தாள். மாஸ்டர் அவள் வாயிலிருந்து பல்லைக் காக்கும் ரப்பரை எடுத்தார். மூக்கில் பஞ்சை வைத்து அழுத்தினார். இடைவெளி ஒரே ஒரு நிமிஷம்.

"அங்க போயிருக்கணும் மாஸ்டர்" என்றாள். கண்ணில் தண்ணீர். மூக்கில் அடி பட்டாலும் வரும், இது அது இல்லை. "இங்க யாரு இருக்கா பார்க்கறதுக்கு? சொல்லுங்க. யாரு இருக்கா?"

"தண்ணி குடி."

"இன்னிக்காவது பதில் சொல்லுங்க மாஸ்டர்."

அவர் பஞ்சை மாற்றினார்.

"எனக்கு இருபது, இருபத்தொண்ணு இருக்கும். துறைமுகத்துக்குப் பக்கத்துல மேட்ச். எள்ளு போட்டா கீழ விழாது, அவ்ளோ கூட்டம். ஜெயிச்சேன். தோள்ல தூக்கிக்கினு தெருத்தெருவாப் போனாங்க."

"குடுத்து வச்சவரு நீங்க."

"கேளு. மறுநாள் காலையில டீக்கடை. என்னைத் தோள்ல தூக்கின அதே ஆளு பக்கத்துல நின்னு டீ குடிக்கிறான். 'நேத்து பாக்ஸிங்குக்கு வந்தியா தம்பி? செம ஃபைட்டு'ன்றான். யாருண்ணே ஜெயிச்சதுன்னு கேட்டேன். 'நீல டவுசர்காரன்டா, பின்னிட்டான்'ன்றான்."

"நீங்கதானே அது?"

"நான் செவப்பு."

மணி அடித்தது. மாஸ்டர் ரப்பரை அவள் வாயில் திணித்து, ஸ்டூலை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

இரண்டாவது ரவுண்டில் அவள் கோபமாக ஆடினாள். யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியாது. டீக்கடையில் நின்ற அந்த ஆள் மேலா, பேட்மிண்டன் குடும்பத்தின் மேலா. இசக்கியைக் கயிறு வரை துரத்தினாள். ஒருமுறை இசக்கி பதிலுக்குப் பாய்ந்தபோது, எங்கிருந்து வந்ததோ, பிலோமினாவின் உடம்பு தானாகச் சரிந்து விலகி, கீழிருந்து ஒரு இடது கை மேலே போனது. இசக்கி இரண்டடி பின்வாங்கி நின்று அவளை உற்றுப் பார்த்தாள். அடிபட்ட பார்வை இல்லை அது. அந்தப் பார்வையில் ஒரு ஆச்சரியம் இருந்தது.

மணி அடித்ததும் பிலோமினா உட்காருவதற்கு முன்பே ரப்பரைத் துப்பினாள்.

"அப்புறம்?"

"மூச்சு வாங்கு முதல்ல."

"வாங்கறேன். நீங்க சொல்லுங்க."

"டீயை அப்படியே வச்சுட்டு வந்துட்டேன். அழுகை அழுகையா வந்துச்சு. வீட்டுக்குப் போலாம்னு பஸ் ஸ்டாப்புக்குப் போனா, ஒருத்தன் உட்கார்ந்துக்கினு இருக்கான். ஒரு கண்ணு வீங்கி மூடிக்கிச்சு. முந்தின நாள் என்கிட்ட தோத்தவன். என்னைப் பார்த்ததும் எழுந்துட்டான்."

"அடிக்கவா?"

"கேக்க. 'ரெண்டாவது ரவுண்டுல என்னைக் குனிய வச்சு ஒண்ணு விட்டியே, அது எப்படிடா? ராவெல்லாம் அதே நெனப்பு, தூக்கமே இல்ல'ன்னான். அப்படி ஒண்ணு விட்டது எனக்கே ஞாபகமில்ல. அவன்தான் செஞ்சு காட்டினான். இப்படி வந்தே, இப்படி சாஞ்சே, இங்க பட்டுச்சுன்னு. அப்புறம் நான் செஞ்சேன். அவன் செஞ்சான். பஸ்ஸுக்கு நின்ன பொம்பளைங்க 'ஐயையோ, ரௌடிங்க அடிச்சிக்கிறானுங்கோ'ன்னு ஒரே கூச்சல். போலீஸ்காரர் லத்தியைத் தூக்கினு ஓடியாந்தாரு. நாங்க ரெண்டு பேரும் எடுத்தோம் பாரு ஓட்டம்…"

பிலோமினாவுக்கு ரத்தம் வழிகிற மூக்கோடு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடுவர் முறைத்தார். மணி அடித்தது.

மூன்றாவது ரவுண்டில் கதவு திறந்ததா, யாராவது வந்தார்களா என்று அவளுக்குத் தெரியாது. அவள் இசக்கியைப் பார்த்தாள். அடிக்கப்போகும் முன் அந்தப் பெண்ணின் இடது முழங்கால் லேசாக மடங்குவதைப் பார்த்தாள். அடிப்பதுபோல் ஏமாற்றுகிறபோது மூச்சைப் பிடிப்பதைப் பார்த்தாள். எவ்வளவு அழகாக ஆடுகிறாள் இந்தப் பெண்! இதை யார் கற்றுக்கொடுத்தார்கள், எந்த விடியற்காலையில், எந்த மண்ணில்? அடி வாங்கிக்கொண்டே வியந்தாள். வியந்துகொண்டே அடித்தாள். இசக்கியும் அவளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முடிவு மணி அடித்தபோது இருவரும் கேட்காத மாதிரி நின்றார்கள். நடுவர் நடுவில் புகுந்து பிரிக்க வேண்டியிருந்தது.

நடுவர்களில் இரண்டு பேர் பிலோமினாவுக்கும் மூன்று பேர் இசக்கிக்கும் கொடுத்திருந்தார்கள். இசக்கியின் கை உயர்ந்தது. கேன்டீன்காரர் கை தட்டினார். ஆம்புலன்ஸ் டிரைவர் விசில் அடித்தார்.

ஆட்டம் முடிந்தால் எதிராளியின் மூலைக்குப் போய் அவர் மாஸ்டரின் கையைத் தொட்டுவிட்டு வருவது வழக்கம். பிலோமினா போய்த் தொட்டாள். திரும்பும்போது இசக்கி குறுக்கே வந்து, "எக்கா, ஒண்ணு கேக்கணும், அந்த ரெண்டாவது…" என்று ஆரம்பித்தாள். அதற்குள் பதக்கம் வாங்க வாருங்கள் என்று அவளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

எல்லாம் முடிந்தது. பிலோமினா முதல் வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மாஸ்டர் கீழே உட்கார்ந்து, கையில் சுற்றிய துணியை அவிழ்த்தார். இனி அதைச் சுற்ற வேண்டியதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் மெதுவாக அவிழ்த்தார்.

பக்கத்து அரங்கில் யாரோ ஜெயித்தார்கள் போலிருக்கிறது. சுவர் அதிரக் கத்தினார்கள்.

"கேக்குதா மாஸ்டர்?"

"கேக்குது."

"ஒரே ஒரு தடவை. என் பேரைச் சொல்லி. எங்கப்பா கத்துவாரே, அப்படி." மூக்கிலிருந்த பஞ்சை எடுத்துப் போட்டாள். "நீங்க கதை சொன்னீங்க, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஆசை போகலையே மாஸ்டர்."

"போகாது."

"உங்களுக்கு?"

"இன்னும் போகல."

அவர் துணியைச் சுருட்டினார். அரங்கத்தில் ஒவ்வொரு விளக்காக அணைக்க ஆரம்பித்திருந்தார்கள். வாசலுக்கு வெளியே ஒரு ஆள், "ஏளா இசக்கி, பஸ்ஸு போயிரும், சீக்கிரம் வா!" என்று கத்திக்கொண்டிருந்தார். இசக்கி கழுத்தில் பதக்கமும் தோளில் பையுமாகக் கதவருகில் நின்றாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை. இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமினா அதைக் கவனிக்கவில்லை. குனிந்து மாஸ்டரின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"நீங்களாவது சொல்லுங்க மாஸ்டர். நான் நல்லா ஆடினேனா?"

எத்திராஜ் மாஸ்டர் துணியை அவள் மடியில் வைத்தார்.

"என்னை ஏன் கேக்கறே? நான் கயித்துக்கு வெளிய நின்னவன். உள்ள இருந்தவ அதோ நிக்கறா, பஸ்ஸை விட்டுட்டு."