மூன்று மணிக்குக் கோணும் மூடிகள்

“வாயைத் திறந்தா எதிர்த்துப் பேச்சு, வேலையைக் கேட்டா கோணல் மூடி. உங்களை வச்சுக்கிட்டு நான் என்னதாம்மா பண்றது?”

கனகசபாபதி இதே வார்த்தைகளை அந்த வாரத்தில் நான்காவது தடவையாகச் சொன்னார். மிக்ஸி ஜாருக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் ஃபேக்டரிக்கு அவர்தான் மேனேஜர். கத்திக் கத்தித் தொண்டை வறண்டிருந்தது.

நாளைக் காலை, மூடி வாங்கும் கம்பெனியிலிருந்து ஆள் வருகிறார். மூடி சரியில்லை என்றால் ஆர்டர் கைமாறிவிடும். அங்கே வேலை செய்யும் பன்னிரண்டு பெண்களுக்கும் வேலை போகும். அவருக்கும்தான்.

ஆறாம் மெஷின் மூடியில் விரிசல். நான்காவதில் வேறு வியாதி. காலையில் நன்றாக ஓடும். மூன்று மணி தாண்டினால் மூடி கோணும்.

இரண்டு நிபுணர்கள் வந்தார்கள். பத்து மணிக்கு வந்து, பன்னிரண்டரைக்குச் சாப்பிடக் கிளம்பினார்கள். புது மெஷின் வாங்கச் சொன்னார்கள். வேறென்ன சொல்வார்கள்?

கடைசியில் அவர் பேக்கிங் பக்கம் போனார். ரங்கநாயகி அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷம் நான்காம் மெஷினில் நின்றவள். எதிர்த்துப் பேசினாள் என்று இரண்டு மாதத்துக்கு முன் அவர்தான் இங்கே தள்ளியிருந்தார்.

“ஏம்மா, மூடி ஏன் கோணுது?”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றடிக்க ஐந்து நிமிஷம்.

“வந்து உட்காருங்க சார்.”

நான்காம் மெஷின் பக்கத்தில், சுடச்சுட வரும் மூடிகளைப் பரப்பி ஆறவைக்கும் மேஜை. அதன் ஓரத்தில் ஒரு ஸ்டூல். உட்கார்ந்தார்.

“சரி, இப்ப?”

“இருங்க.”

“நாளைக்கு ஆள் வர்றாரு, இவ என்னைத் தியானம் பண்ணச் சொல்றா!”

யாரோ ஒருத்தி சிரிப்பை விழுங்கினாள்.

மேஜை நிறைந்தது. கனகசபாபதி கழுத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். ஸ்டூலை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டார்.

“ஏங்க சார் நகர்ந்தீங்க?”

“வெயில் கழுத்துல சுள்ளுன்னு அடிக்குது, தெரியலையா?”

அவள் மேஜையைக் காட்டினாள்.

“அதுகளுக்கு நகரத் தெரியாதுங்களே.”

பாதி மேஜை வெயிலில். பாதி நிழலில். நடுக்கோட்டில் கிடந்த மூடி ஒன்றை எடுத்து ஜாரில் வைத்தார். ஆடியது.

மேற்கு ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு ஆணிகள். ஒன்றில் நீலப் புடவைக் கிழிசல்.

அந்தப் புடவையைப் பிடுங்கி எறிந்தவர் அவர்தான், இரண்டு மாதத்துக்கு முன் ஃபேக்டரியைச் சுத்தம் செய்த வாரத்தில். “இது ஃபேக்டரியா, துணி காயப்போடுற மொட்டை மாடியா?” ரங்கநாயகி ஏதோ சொல்ல வந்தாள். எதிர்த்துப் பேசாதே என்றிருந்தார்.

“மூடிக்காகவா கட்டியிருந்தே?”

“பின்னே, எனக்கா?”

சொல்லிவிட்டு அட்டைப்பெட்டிக்கே திரும்பிப் போனாள்.

கனகசபாபதி ஸ்டூலில் ஏறினார். ‘தரமே நம் உயிர்’ என்று எழுதிச் சுவரில் தொங்கிய துணிப் பேனரைக் கழற்றினார். அந்த இரண்டு ஆணிகளிலும் இழுத்துக் கட்டினார். மேஜை முழுக்க நிழல்.

அடுத்து ஆறிய மூடி ஜாரில் டக்கென்று உட்கார்ந்தது.

அவர் முகம் தெளியவில்லை. ஸ்டூலில் நின்றபடியே திரும்பினார்.

“ஆறாம் மெஷின் விரிசலுக்கும் காரணம் உங்கள்ல யாருக்காவது தெரிஞ்சிருக்கும். காலையில ஆள் வந்துடுவாரு.”

பன்னிரண்டு தலைகளும் குனிந்தே இருந்தன.

“வாயைத் திறந்து சொல்லுங்கம்மா.”