நிறைந்து திரும்பிய கிண்ணம்

ஆற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவே வெகுகாலம் வாழ்ந்த எவர்சில்வர்க் கிண்ணம் ஒன்று உண்டு. அதற்கு உரியவள் ஜெபமணி. நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவள்.

அந்தக் கிண்ணத்துக்கு அடுப்படியில் வேலை குறைவு. அதன் வேலை தெருவில் இருந்தது. எந்தக் குடிசையிலாவது ஒருவன் மனைவியை அடிக்கும் ஓசை கேட்டால், ஜெபமணி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அங்கே கதவுகள் கிடையாது. வாசலில் பழைய புடவைதான் தொங்கும். அதை விலக்கி உள்ளே நுழைந்து, "சுகுணா, கொஞ்சம் புளி குடேன்" என்பாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி உப்புக்கென்று ஒரு கிண்ணத்தோடு வந்து நிற்பாள். ஓங்கிய கை இறங்கும். கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவன் வெளியே போய்விடுவான்.

புளியை யாரும் தந்ததில்லை, ஜெபமணியும் வாங்கியதில்லை. வெறுமையாகத் திரும்புவதே தன் தொழில் என்பதைக் கிண்ணம் நன்றாக அறிந்திருந்தது.

ஒரு நாள் கரையைக் காலி செய்யச் சொன்னார்கள். நகரத்துக்கு வெகுதொலைவில் அடுக்குமாடி வீடுகள் எழுந்திருந்தன. யாருக்கு எந்த வீடு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவுசெய்தார்கள். சுகுணா ஒரு கட்டடத்துக்குப் போனாள். உப்புக் கிண்ணம் வேறொரு கட்டடத்துக்குப் போயிற்று. ஜெபமணிக்கு வாய்த்தது ஐந்தாம் மாடி. எதிர்வீட்டில், வேறொரு கரையிலிருந்து பெயர்க்கப்பட்ட இளந்தம்பதியர் குடியேறினர். விடியுமுன் பேருந்து பிடித்து, பொழுது சாய்ந்தபின் திரும்பும் ஜெபமணிக்கு அவர்களோடு ஒரு வார்த்தை பேசவும் வாய்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, எதிர்வீட்டிலிருந்து அந்த ஓசை கேட்டது. ஜெபமணியின் கை தானாகக் கிண்ணத்தைத் தேடி எடுத்தது.

நடைவழியைக் கடந்ததும் எதிரே நின்றது கதவு.

"யாரு?" என்றது அது.

"பாத்தா தெரியல? கிண்ணம். புளிக்கு வந்திருக்கேன், கொஞ்சம் வெலகு."

"வெலகறதுக்கு நான் என்ன புடவையா? என்னைப் பார்த்துத்தானே உங்க பொம்பளைங்க சந்தோஷப்பட்டாங்க? பூட்டிட்டு நிம்மதியா வேலைக்குப் போலாம்னாங்களே."

"அது நெசந்தான்" என்று கிண்ணம் ஒப்புக்கொண்டது. "வெளியில இருக்கற திருடனுக்கு நீ நல்ல காவல். உள்ள இருக்கறவன் அடிச்சா?"

"உள்ள வெளியன்னு பாக்கறது என் வேலை இல்ல. தாழ்ப்பா போட்டா மூடுவேன், எடுத்தா திறப்பேன். இப்ப போட்டது அவன்."

"உன் முதுகுக்குப் பின்னாடி என்ன நடக்குதுன்னு உனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும்" என்ற கதவின் குரல் தாழ்ந்தது. "இப்பதான் அவ என்மேல வந்து மோதினா."

ஜெபமணி கிண்ணத்தின் விளிம்பால் கதவைத் தட்டினாள். உள்ளே ஓசை அடங்கியது. தாழ்ப்பாள் விலக, கதவு ஒரு கையகலம் திறந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி அந்த இளம்பெண் நின்றாள்.

"என்னக்கா?"

"எதிர்வீடும்மா. கொஞ்சம் புளி இருக்குமா?"

அந்த இளம்பெண் வளர்ந்த கரையில் இந்த வழக்கம் இல்லை. அங்கே புளி கேட்டவளுக்குப் புளிதான் தேவைப்பட்டது. ஆகவே உள்ளே போய் ஒரு கைப்பிடி அள்ளிவந்து கிண்ணத்தில் இட்டாள்.

"போதுமாக்கா?"

ஜெபமணி வாய் திறப்பதற்குள் கதவு சாத்தப்பட்டது, தாழ்ப்பாள் விழுந்தது.

கிண்ணம் தன் வாழ்நாளில் முதன்முறையாக நிறைந்திருந்தது. அந்தப் பாரத்தைத் தாங்க அதனால் முடியவில்லை.

"கேட்டது கெடைச்சிடுச்சே, இன்னும் ஏன் நிக்கற?" என்றது கதவு.

"கெடைச்சதுதான் வெனை" என்றது கிண்ணம்.

உள்ளே மறுபடியும் ஓசை எழுந்தது. ஜெபமணி புளியைத் தன் முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டாள். கிண்ணத்தைக் கவிழ்த்து உதறினாள். பிறகு, முன்னிலும் பலமாகத் தட்டினாள்.

"யாருடி அது, ஓயாம?" என்று ஆண்குரல் கேட்டது.

அவளே வந்து திறந்தாள். இம்முறை ஜெபமணியின் ஒரு கால் நிலைப்படியைத் தாண்டி உள்ளே இருந்தது.

"பத்தலம்மா" என்றாள் ஜெபமணி.

இளம்பெண் வெறுங்கிண்ணத்தைப் பார்த்தாள். முந்தானையில் புடைத்திருந்த முடிச்சைப் பார்த்தாள். உள்ளே வைத்த காலையும் பார்த்தாள்.

"குடுத்து அனுப்பித் தொலையேன்" என்றது உள்ளிருந்த குரல்.

"புளி தீர்ந்துபோச்சுக்கா" என்று அவள் கதவை முழுவதும் திறந்தாள். "எங்கயாவது கொஞ்சம் எடுத்து வெச்சிருப்பேன். தேட நேரமாவும், உள்ள வந்து உக்காருங்க."

அவளுக்குப் பின்னால், அடுப்பு மேடையில், கழுத்துவரை நிறைந்திருந்த புளிச்சாடி மூச்சு விடவில்லை.