தலையணைப் பக்கத்துக் குரல்

தில்லைநாயகம் ஆசிரமத்துக்கு வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாயை மூடினால் தலை வெடித்துவிடும் என்கிற ரகம். அன்றைக்குக் கும்பிட்ட கையோடு நேராக விஷயத்துக்கு வந்தார்.

குரு வடிவம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். மாதப் பத்திரிகை ஒன்றில் கட்டுரை எழுதுவார். அதை மனைவி உமையாளுக்குச் சாயங்காலங்களில் படித்துக் காட்டுவது தில்லைநாயகத்தின் வழக்கம். உமையாள் வாதத்தில் விழுந்து படுத்த படுக்கை. பேச்சும் போய்விட்டது. காது மட்டும் நன்றாகக் கேட்கும்.

"அம்மா, அவ நாலஞ்சு நாளா சாப்பிட மாட்டேங்கிறா. கஞ்சியை வாயில வச்சா துப்பிடுறா. இப்படியே போனா தாங்காதுன்னு டாக்டர் கையை விரிச்சுட்டார்."

"படிச்சுக் காட்டுறீங்களா?"

"முன்னைவிட நல்லாவே நடக்குது. கட்டுரையைப் போட்டோ எடுத்துக் கொடுத்தா போனே படிச்சிடுது. தலையணைப் பக்கத்துல வச்சா போதும். உங்க பழைய கட்டுரை பூராவும் ஏத்திட்டேன். காலையிலேருந்து ராத்திரி வரை ஓடுது. திக்கல் திணறல் கிடையாது!"

சொல்லும்போதே கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. மனுஷன் என்ன செய்வான், வேதனையிலும் கெட்டிக்காரத்தனம் விடுமா?

"நீங்க படிச்சப்போ?"

"என் படிப்பு என்ன படிப்பு! கண்ணாடியைத் தேடுவேன். வரி தவறிடும். நடுவுல அவ வாயைத் துடைப்பேன், கொசுவைத் திட்டுவேன். ஒரு பக்கம் முடியறதுக்குள்ள விடிஞ்சு போயிடும்."

"இப்ப அந்த நேரத்துல?"

தில்லைநாயகம் தலையைக் குனிந்துகொண்டார். "டீக்கடையில கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேன். நானும் மூச்சு விடணும்ல அம்மா."

"விடத்தான் வேணும்."

"அவ ஏம்மா சாகத் துணிஞ்சுட்டா? நான் என்ன பண்ணட்டும்?"

வடிவம்மை கையை நீட்டி, அவர் அன்றைக்குக் கையோடு கொண்டுவந்திருந்த போனை வாங்கினார். துக்கத்தில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்வது பற்றித் தாம் எழுதிய கட்டுரையைத் தேடி ஓடவிட்டார். போனை அவர் முன்னால் தரையில் வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

போன் படித்தது. தில்லைநாயகத்துக்கு அந்தக் கட்டுரை பாதி மனப்பாடம். இதோ வந்துவிடுவார் என்று காத்திருந்தார். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. கட்டுரை முடிந்து அடுத்தது ஆரம்பித்தது. அவருக்குக் கோபம் தலைக்கேறியது. எழுந்து போய்க் கதவைத் தடதடவென்று தட்டினார்.

"என் பெண்டாட்டி செத்துக்கிட்டிருக்கா! உங்களைத் தேடி ஓடி வந்தா, என்னை இந்த டப்பாகிட்ட விட்டுட்டுச் சோறு தின்னப் போயிட்டீங்களே! நான் என்ன கல்லா?"

கதவு திறந்தது. வடிவம்மையின் கை ஈரமாக இருந்தது.

"நான் எழுதினதைத்தானே படிச்சுது? திக்கல் திணறல் இல்லாமத்தானே படிச்சுது?"

"அதுக்காக? பொறுக்க முடியல, எழுந்து வந்துட்டேன்."

"உங்களுக்கு எழுந்து வரக் கால் இருந்துச்சு, ஐயா. கத்த வாயும் இருந்துச்சு. உங்க வீட்டம்மாவுக்குத் துப்பிக் காட்ட அந்தக் கஞ்சி ஒண்ணுதான் இருந்துச்சு."