முதுகு காட்டி வந்த படகுகள்

ஏரிமேல் பனி பாலாடைபோல் படர்ந்திருந்த விடியலில், மாற்றுத்திறனாளிகள் துடுப்புப் போட்டிக்குப் பழகப் படகு கேட்டு வந்தாள் கண் தெரியாத நாச்சியார்.

படகுச் சங்கச் செயலாளர் மார்த்தாண்டன் மீசையை நீவினார். “போற திசையைப் பாக்கிறவங்களுக்குத்தான்மா இங்கே படகு. எதிர்க்கரையில என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு, தர்றேன்.”

“நல்ல சட்டம் சார். துடுப்புச் சத்தம் கேக்குது, உங்க வீரர்கள் இந்தக் கரைக்குத்தானே வர்றாங்க? இந்தப் பக்கம் பாத்து வர்றவங்க எத்தனை பேர்னு சொல்லுங்க. அவங்களுக்குப் பின்னாடி வரிசையில நிக்கிறேன்.”

மார்த்தாண்டன் திரும்பினார். பனிக்குள்ளிருந்து படகுகள் கனவுபோல் மிதந்து வந்தன. துடுப்பு வலிப்பவர்கள் எல்லாரும் வழக்கம்போலப் போகும் கரைக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முகம்கூடத் தெரியவில்லை.

நாச்சியார் காத்திருந்தாள்.

“வரிசை ரொம்ப நீளமா சார்?”

மார்த்தாண்டன் ஒரு படகின் கயிற்றை அவிழ்த்தார்.