வீடு வீடா நடந்த கருவாட்டு மூட்டை

குளத்துல தண்ணி இறங்கிக்கிட்டே போச்சு. தவளை செவந்தி வாசலை விட்டு நகராம காவல் கெடந்தா. அவ தலைப்பிரட்டைங்களுக்கு இன்னும் காலு முளைக்கல. வாசல்ல கெடக்குற கொஞ்சூண்டு சேத்துத் தண்ணியும் வத்திட்டா, அதுங்க எங்க ஓடும்?

அப்பத்தான் மரங்கொத்தி வந்துச்சு. காட்டு ராஜா அனுப்பின கணக்கெடுப்பு ஆபீசர் அது. குளம் குளமா போய்த் தலை எண்ணணும், வீட்டு இருப்பைப் பாக்கணும். எந்தக் குளம் ஏழையோ, அதுக்குத்தான் மேட்டு ஏரி மதகைத் திறப்பாங்க.

"அப்பாடா! நம்ம நெலமையைச் சொல்லிடலாம்!"னா செவந்தி.

"வாயை மூடுடி!"ன்னு சீறுச்சு குளத்துப் பெரிய மனுஷன் ஆமை. "பக்கத்துக் குளத்துக்காரன் சிரிக்க மாட்டான்? இன்னைக்கு நாம எல்லாரும் பணக்காரங்க! மானம் முக்கியம்!"

"என் பிள்ளைங்க மானத்துலயா நீந்தும் அண்ணே?"

யாரு கேட்டா? ஊருக்கே இருந்தது ஒரே ஒரு கருவாட்டு மூட்டை. ஆமை அதைத் தன் வீட்டு நடுவுல வெச்சுக்கிச்சு.

டொக்! டொக்! "எத்தனை தலை? எத்தனை குஞ்சு? எத்தனை கிழடு? இருப்பு என்ன?"

"ஒரு மூட்டை கருவாடு சார்! அதுவும் இந்த வாரத்துக்கு மட்டும்!"ன்னுச்சு ஆமை.

மரங்கொத்தி வாசலைத் தாண்டுறதுக்குள்ள மூட்டை பின்பக்கமா நண்டு வளைக்கு ஓடுச்சு. அங்க எண்ணி முடிக்கவும் எலி வளைக்கு.

"அட, வீட்டுக்கு வீடு கருவாடு! செழிப்பான குளம்ப்பா!"ன்னு மரங்கொத்திக்கு ஒரே ஆச்சரியம்.

எலி மூச்சு வாங்க மூட்டையைச் செவந்தி வீட்டுக்குள்ள தள்ளுச்சு. "புடி அக்கா! வந்துட்டாரு! ஒளறிக் கெடுத்துடாத!"

உண்மையைச் சொன்னா ஊரே அடிச்சு வெரட்டும். சொல்லலைன்னா? செவந்தி வாசலைப் பாத்தா. பிள்ளைங்க சேத்துல ஒண்ணு மேல ஒண்ணா துடிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க.

டொக்! டொக்! "இருப்பு?"

"ஒண்ணுமில்ல சார்! இந்த மூட்டை என்னுது இல்ல. வீடு வீடா நீங்க பாத்தது இதே மூட்டைதான்!"

"பொறாமை புடிச்சவ சார்! பொய் சொல்றா!"ன்னு பின்னாடியே வந்த ஆமை கத்துச்சு.

மரங்கொத்தி மொறைச்சுது. "எல்லாரும் நல்லா இருக்காங்க. நீ மட்டும் இல்லைன்னா, நீ சோம்பேறி! ஒருத்திக்காக மதகைத் திறக்க முடியுமா?"

செவந்திக்குப் பயத்தைத் தாண்டிக் கோவம் வந்துச்சு. ஒரே தாவு! மூட்டை மேல ஏறி உக்காந்துட்டா.

"நான் எறங்க மாட்டேன்! இப்பவே போய் ஆமை வீட்டைத் திரும்பப் பாருங்க! நண்டு வீட்டைப் பாருங்க!"

மரங்கொத்தி விருட்டுனு பறந்துச்சு. ஆமை வீட்டுல காஞ்ச பாசி. நண்டு வளையில அதுகூட இல்ல.

"எங்கய்யா இந்த வாரத்து இருப்பு?"

ஆமை தலையை ஓட்டுக்குள்ள இழுத்துக்கிச்சு.

"இந்தப் பொய்க் கணக்கை எழுதிட்டுப் போயிருந்தா, குளமே செத்திருக்கும்!"ன்னு மரங்கொத்தி மேட்டு ஏரிக்குப் பறந்துச்சு. பொழுது சாயுறதுக்குள்ள வாய்க்கால்ல தண்ணி சலசலன்னு எறங்குச்சு. அதுவரைக்கும் செவந்தி குளத்து நடுவுல மிச்சமிருந்த தண்ணியை வாயில கொண்டாந்து கொண்டாந்து சேத்தை நனைச்சுக்கிட்டே இருந்தா.

இல்லாததை இருக்குன்னு காட்டுனா மானம் மிஞ்சாது, வர வேண்டிய தண்ணிதான் வராம போகும்.