தஸ்நேவிஸின் பாதி

மாதாமணல் ஊரின் பழைய கோயிலுக்குள் வாசல் வழியாக நுழைந்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. தேரி என்கிற மணல்மேடு நகர்ந்து நகர்ந்து வந்து வாசலை மூடி மூன்று தலைமுறை ஆகிவிட்டது. கடலைப் பார்த்த ஜன்னல் ஒன்றுதான் வழி. அதிலும் குனிந்துதான் இறங்க வேண்டும். உள்ளே பாதிச் சுவர் வரைக்கும் மணல். பீடத்தில் இருந்த, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் மார்பு வரைக்கும் புதைந்து, விரித்த இரண்டு கைகளும் முள்முடியும் மட்டும் மேலே தெரியும். முதல் தடவை பார்க்கிறவர்கள் ஜன்னலிலேயே நின்றுவிடுவார்கள்.

ஊருக்குள் புதுக் கோயில் கட்டி, ஃபேனும் மைக்கும் வைத்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பூசை அங்கேதான். பொழுது சாயும் நேரத்துச் செபமாலை மட்டும் இன்னும் பழைய கோயிலில் நடக்கிறது.

அந்த ஊரில் செபமாலையை இரண்டாகப் பிரித்துச் சொல்வார்கள். மாலையில் உருட்டும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு மாதா செபம். அதில் முதல் பாதி கரையில் இருக்கும் பெண்களுக்கு. மறுபாதி கடலில் இருக்கும் ஆண்களுக்கு. மரண நேரத்துக்கான மன்றாட்டு மறுபாதியில்தான் வருகிறது. அதனால்தான் அப்படிப் பிரித்தார்களோ என்னவோ. பொழுது தேரிக்குப் பின்னால் இறங்கியதும் பெண்கள் தங்கள் பாதியைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வார்கள். எங்கோ பத்துக் கல் தொலைவில் வள்ளத்தில் இருப்பவர்கள் மிச்சத்தைச் சொல்வார்கள். இவர்கள் சொல்வது அவர்களுக்குக் கேட்காது. அவர்கள் சொல்வது இவர்களுக்குக் கேட்காது. எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் வருவது. வெளியூரிலிருந்து கல்யாணமாகி வந்த மருமகள்கள் முதலில் களுக்கென்று சிரிப்பார்கள். மாமியார்கள் முறைப்பார்கள். ஒரு வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும்.

ஒன்பது வருஷமாக அந்த முதல் பாதியை எடுத்துக் கொடுத்தவள் சலேத்மேரி. வயது நாற்பத்தைந்து. அவளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தவர் எஸ்தாக்கி உபதேசியார். அவளைவிட எட்டு வயது இளையவர். தம்பி வயசுக்காரரிடம் போய்ப் பாடம் கேட்கிறாளே என்று பேசாத வாய் இல்லை. அவள் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவள் புருஷன் தஸ்நேவிஸ் எதிலும் கொஞ்சம் பிந்துகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஆமென் சொல்லி முடித்து, இருமுகிறவர்கள் இருமியும் முடித்த பிறகு, கடைசிப் பெஞ்சிலிருந்து அவனுடைய ஆமென் தனியாக வரும். பிள்ளைகள் அதற்காகவே காத்திருந்து சிரிக்கும். சலேத்மேரிக்கு மானம் போகும்.

அந்த தஸ்நேவிஸ் முப்பத்தொன்பது நாளைக்கு முன்னால் தனியாகத் தூண்டிலுக்குப் போனான். மூன்றாம் நாள் வள்ளம் மட்டும் கரை ஒதுங்கியது.

உடல் கிடைக்காதவனுக்கு நாற்பத்தொன்றாம் நாள் அவன் சட்டையைப் பெட்டியில் வைத்துக் கல்லறைத் தோட்டத்தில் புதைப்பது ஊர் வழக்கம். ஊர்க் கமிட்டிக்காரர்கள் வந்து, தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டுப் போனார்கள். அன்று சாயங்காலம் சலேத்மேரி கொடியில் கிடந்த அவன் சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பழைய கோயிலுக்கு நடந்தாள்.

புயல் கூண்டு ஏற்றியிருந்தார்கள். ஊரின் பதினான்கு வள்ளங்களும் மணலில் ஏறிக் கிடந்தன. ஆண்கள் எல்லாரும் வீட்டில் இருந்தார்கள். கடலில் ஒரு ஆள் இல்லை. காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. அலைகூடச் சத்தம் இல்லாமல் வந்து வந்து போனது. அவளுக்குத் தன் காலடிச் சத்தமே வேறு யாரோ பின்னால் வருவதுபோலக் கேட்டது. இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள்.

ஆண்கள் கரையில் இருக்கிற நாளில் பழைய கோயிலுக்கு யாரும் வருவதில்லை. உபதேசியார் மட்டும் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா."

"இந்தாங்க உபதேசியாரே." செபமாலையை நீட்டினாள். "நீங்க குடுத்தது. நீங்களே வச்சிக்கிடுங்க."

அவர் வாங்கவில்லை. "வேண்டாமாக்கா?"

"ஆண்டவரு மூணாம் நாள் எந்திரிச்சாருன்னு சொல்லிக் குடுத்திய. மூணாம் நாள் எனக்கு வந்தது வெறும் வள்ளந்தான்."

"கல்லறைக்குப் போன பொம்பளைங்களும் அன்னிக்கி வெறும் கல்லறையத்தானக்கா பாத்தாவ."

"பேச்சு நல்லாத்தான் இருக்கு." அவள் மணலில் உட்கார்ந்தாள். "முப்பத்தொம்பது நாளா வீட்டுல இருந்து சொல்லிப் பாத்துட்டேன். சொவத்துக்கிட்ட பேசுத மாதிரி இருக்கு. சந்தோசமா இரு, பொறுமையா இருன்னு ஒன்பது வருசமா நாந்தான் ஊருக்கெல்லாம் சொன்னேன். இப்ப எனக்கு எங்கயிருந்து வரும்?"

"எப்படிச் சொன்னிய?"

"எப்பவும் சொல்லுத மாதிரிதான்."

"ஒரு மணி சொல்லுங்க, கேப்போம்."

சொன்னாள். முதல் பாதியைச் சொல்லி முடித்து, மூச்சுக்கூட விடாமல் மறுபாதியையும் சொன்னாள்.

உபதேசியார் கையைத் தூக்கினார். "நில்லுங்கக்கா. பின்னால சொன்னது யாரு பாதி?"

"அவிய பாதி."

"அத நீங்க ஏன் சொல்லுதிய?"

"அவியதான் இல்லியே!" என்று கத்திவிட்டாள். "பின்ன யாரு சொல்லுவா? இந்தத் தூணு சொல்லுமா?"

அவள் குரல் கூரையில் போய் மோதியது. மேலேயிருந்து ஒரு பிடி மணல் உதிர்ந்தது.

உபதேசியார் சிரித்தார். இவர் கன்னத்தில் ஒன்று வைத்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. மரியாதைக்காகத்தான் பொறுத்துக்கொண்டாள்.

"பன்னண்டு வருசத்துக்கு முந்தி என் வள்ளம் கவுந்திச்சி. தெரியும்லா?"

தெரியும். ஊருக்கே தெரியும். காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு நாள் கடலில் கிடந்தவர். அதற்குப் பிறகுதான் வலையை விட்டு உபதேசியார் ஆனார்.

"ரெண்டாம் நாள் பொழுது எறங்குத நேரம். கை மரத்துப் போச்சி. விட்டுருவோம்னு நெனைச்சிட்டேன். வாய் மட்டும் பழக்கத்துல எம் பாதியச் சொல்லுது. அப்பதான் ஒண்ணு உறைச்சிச்சி. கரையில இப்ப வாய மூடிக்கிட்டு இருப்பாவ. எனக்கு எடம் விட்டுருப்பாவ. அத நெனைச்சதும் சிரிப்பு வந்துட்டுக்கா. வாயெல்லாம் உப்புத் தண்ணி. நடுக்கடல்ல கெடந்து கிறுக்கன் மாதிரி சிரிக்கேன்."

"நீங்க வந்துட்டிய. அவிய வரலியே."

"நான் வருவேன்னு அன்னிக்கி கரையில யாருக்கும் தெரியாது. எங்கம்மா எடத்த விட்டுத்தான் சொன்னா."

சலேத்மேரி சட்டையை மடியில் விரித்தாள். காலரில் ஒரு பட்டன் இல்லை. தைத்துத் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே நாளைக் கடத்தியிருந்தாள். அதைப் பார்த்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அப்ப இத என்ன செய்ய? நாளன்னைக்கிப் பொதைக்கணுங்காவ."

"சட்டையப் பொதைங்க. எடத்த ஏன் பொதைக்கிய?"

வெளியே பொழுது தேரிக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஜன்னலில் மட்டும் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம். சுரூபத்தின் கைகள் மணலுக்கு மேலே இப்போது இன்னும் உயர்ந்து நிற்பதுபோல அவளுக்குத் தெரிந்தது. பார்வையை எடுத்துக்கொண்டாள். செபமாலையைப் பிடித்து முதல் பாதியைச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்றும் இல்லை. தன் நெஞ்சு அடிப்பதுதான் கேட்டது.

இரண்டாவது மணி. சொன்னாள், மூடினாள். கூரையிலிருந்து மணல் உதிர ஆரம்பித்தது, சன்னமாக, விடாமல்.

மூன்றாவது மணியில் முதல் பாதியைச் சொல்லி வாயை மூடியபோது அது வந்தது.

கடலிலிருந்து வந்ததா, காலுக்கடியில் மணலுக்குள்ளிருந்து வந்ததா, அவளுக்குத் தெரியவில்லை. ஆண் குரல்கள். உப்புக்காற்று பட்டுக் கரகரத்த குரல்கள், அவசரமே இல்லாமல் மறுபாதியைச் சொல்லின. பதினான்கு வள்ளம் கொள்கிற ஆட்களைவிட எத்தனையோ மடங்கு ஆட்கள். அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உபதேசியாரின் வாய் அசையவில்லை. எட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வள்ளங்கள் அப்படியே மணலில் கிடந்தன. கரையில் ஒரு ஈ காக்காய் இல்லை.

குரல்கள் முடிந்தன. ஒரே ஆமென். பிறகு அமைதி.

கொஞ்சம் பொறுத்து, எல்லாருக்கும் பின்னால், தனியாக இன்னொரு ஆமென் வந்தது.

சலேத்மேரி சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பயத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பயத்துக்குள்ளேயே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் இங்கேயும் பிந்தித்தான் சொல்கிறார் என்று நினைத்தாள். கண்ணீர் சட்டையில் சொட்டியது. முப்பத்தொன்பது நாளில் முதல் தடவையாக அவள் சிரித்தாள்.

"உபதேசியாரே, கேட்டிச்சா?"

அவர் கண்களை மூடியபடி இருந்தார்.

"அவிய எங்க இருக்காவ? உசிரோட இருக்காவளா, இல்ல..."

உபதேசியார் கண்ணைத் திறந்து, செபமாலையில் அவள் விரல் நின்ற இடத்தைப் பார்த்தார்.

"அடுத்த மணியச் சொல்லுங்கக்கா," என்றார். "காத்துக்கிட்டு இருக்காவ."